ஓட்டுநரின் கண்ணுக்குக் கேமரா, உடம்புக்கு என்ன?

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ நிற்கும் புதிய பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றின் கேபினுக்குள் ஏறிப் பாருங்கள். முன்கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும். டேஷ்போர்டுக்குள் ஜிபிஎஸ் இருக்கும். டீசல் டேங்கில் சென்சார் இருக்கலாம். சில வண்டிகளில் ஓட்டுநரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமராவும் உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது, டேங்கில் எத்தனை லிட்டர் குறைந்தது, ஓட்டுநர் கொட்டாவி விட்டாரா என்பதெல்லாம் முதலாளியின் செல்போனுக்குப் போய்விடும்.

அதே கேபினில் வேறு சில பொருட்களும் இருக்கும். சின்ன மின்விசிறி, போன் சார்ஜர், தண்ணீர் கேன், ஸ்டவ், குக்கர், கொசுவலை, இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் தலையணை, மழைக்கோட்டு, டார்ச், மாத்திரை டப்பா. இவற்றை வாங்கியவர் ஓட்டுநர். வாங்கிய காசு அவருடைய பேட்டாக் காசு.

சரக்கையும் வண்டியையும் காக்கும் கருவிக்கு முதலாளி செலவு செய்கிறார். ஓட்டுநரின் உடம்பைக் காக்கும் பொருளுக்கு ஓட்டுநரே செலவு செய்கிறார். தொலைதூர லாரி ஓட்டுநர்களுக்கான கருவிகள் குறித்து யூடியூபிலும் விளம்பரங்களிலும் எவ்வளவோ பேசுகிறார்கள். எது நல்ல கேமரா, எது நல்ல ஜிபிஎஸ் என்று வரிசைப்படுத்துகிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு, காசு யாருடையது, கிடைக்கும் தகவல் யார் கைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்பதில்லை. சாதி ஒழிப்பு பேசும் நாம் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

'லாரிக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு? ஜிபிஎஸ்ஸுக்குச் சாதி தெரியுமா?' என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். நாம் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்ல. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாக் கருவி இருக்கும் காலத்தை 'இனிவரும் உலக'த்தில் கண்டவர் பெரியார். ஆனால் அவர் கண்ட உலகத்தில் இயந்திரம் வந்ததால் மனிதனின் உழைப்பு நேரம் குறைந்தது. இன்றைய லாரிக்குள் அத்தனை இயந்திரங்கள் வந்த பிறகும் ஓட்டுநருக்கு ஒரு மணி நேரத் தூக்கம்கூடக் கூடவில்லை. பின்னால் பார்க்க கேமரா வந்ததும் கிளீனரை இறக்கிவிட்டார்கள். முன்பு இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட வேலை, கண்விழிப்பு, பயம் எல்லாம் இப்போது ஒரே ஆளின் தலையில்.

கிளீனர் போனதில் இன்னொன்றும் போனது. இந்தத் தொழிலில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பிறகு சொந்த வண்டி வாங்கி ஓனர் ஆவதுதான் எல்லோரும் சொல்லும் ஏணி. கொங்குப் பகுதியின் லாரித் தொழிலே அப்படி வளர்ந்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஏணியில் மேல்படி வரை ஏறியவர்கள் யார் என்று பாருங்கள். வண்டிக்கு ஃபைனான்ஸ் வேண்டும். ஃபைனான்ஸுக்கு ஜாமீன் வேண்டும். ஜாமீனுக்கு நிலம் வேண்டும், அல்லது நிலமுள்ள சொந்தக்காரர் வேண்டும். சீட்டுப் பணம், பங்காளி, மாமன் மச்சான், புக்கிங் ஆபீஸில் தெரிந்த ஆள் என்று எல்லாமே சாதிக்குள் சுற்றுகிற வலை. காவிரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நிலம் வைத்திருந்த சாதியினருக்கு அந்த வலை இருந்தது. அதே நிலத்தில் கூலி வேலை செய்த சாதிகளிலிருந்து வந்தவர்கள் டிரைவர் சீட்டோடு நின்றார்கள். உழைப்பைப் பிரித்ததோடு நிற்காமல் உழைப்பாளிகளையும் மேல் கீழாக அடுக்கியது சாதி என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். லாரி கேபின் அந்த அடுக்கின் சக்கரம் கட்டிய வடிவம்.

ஏசியை எடுத்துக்கொள்வோம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2023இல் அறிவித்தது. 2025இலிருந்து தயாராகும் புதிய வண்டிகளுக்கு அது பொருந்துகிறது. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் இது இவ்வளவு காலம் ஏன் வரவில்லை? வண்டி விலை கூடும் என்றார்கள். 'ஏசி போட்டால் டிரைவர் தூங்கிவிடுவான்' என்றார்கள். அதே ஆட்கள் தங்கள் காரில் ஏசி போட்டுக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வந்தார்கள். அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை போலும்.

பாடி கட்டும் பட்டறைகளுக்குப் போகும் சேசிஸ் வண்டிகளைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். கேபின் இருக்காது, கதவு இருக்காது, கூரை இருக்காது. வெறும் சட்டத்தின் மேல் ஓர் ஆள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவார். அதைப் பார்த்து இந்தச் சமூகம் அதிர்ச்சி அடைந்ததே இல்லை. உழைக்கும் உடம்பு வெயிலைத் தாங்கும் என்று நம்புவதற்கு நம்மை ஆயிரம் ஆண்டுகளாகப் பழக்கியிருக்கிறார்கள். வயலில் குனிந்த முதுகுக்கு நிழல் தேவையில்லை என்று நினைத்த அதே மனம்தான் ஓட்டுநருக்கு ஏசி எதற்கு என்று கேட்டது.

சரி, ஏசி வந்துவிட்டது. அதைப் போட முடிகிறதா? பல வண்டிகளில் ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். மைலேஜ் குறைந்தால் ஓட்டுநரின் கணக்கில் பிடிப்பார்கள். ஏசி ஓடினால் டீசல் கூடும். வண்டியை ஓரம்கட்டி இரவில் தூங்கும்போது ஏசி வேண்டுமென்றால் எஞ்சினையே ஓடவிட வேண்டும். அப்படி ஓடவிட்டால் டேங்கில் உள்ள சென்சார் முதலாளிக்குச் சொல்லிவிடும். காலையில் போன் வரும்: 'ராத்திரி எதுக்குடா வண்டி ஸ்டார்ட்லயே நின்னுச்சு?' சட்டம் கொடுத்த குளிரை டீசல் கணக்கு பிடுங்கிக்கொள்கிறது. நாகப்பூரைத் தாண்டி மே மாத வெயிலில் ஏசி வண்டிக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும் ஓட்டுநருக்கு, அந்த ஏசி பொத்தான் வெறும் அலங்காரம்.

டீசல் சென்சார் எந்த எண்ணத்தில் பிறந்தது என்பதையும் யோசியுங்கள். டிரைவர் திருடுவான் என்ற எண்ணம். ஓட்டுநரின் உழைப்பு நேரம் தினமும் களவு போகிறது. அதைக் கண்டுபிடிக்க எந்தச் சென்சாரையும் யாரும் பொருத்தவில்லை.

அடுத்து, கண்ணைப் பார்க்கும் கேமரா. ஓட்டுநர் கண் அயர்ந்தால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய சரக்கு வாகனங்களில் கட்டாயமாக்க 2025இல் வரைவு விதிகள் வந்தன. விபத்தைத் தடுக்கும் எதையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் தூக்கம் வருவதை அளக்கும் கருவி, தூக்கம் ஏன் வருகிறது என்பதை அளக்காது. சிமெண்ட் ஆலை வாசலில் ஒன்றரை நாள் காத்திருப்பு, லோடு ஏற்றியபின் தார்ப்பாய் கட்டும் வேலை, ஆவணத்துக்கு அலைச்சல், பிறகு 'நாளைக்குக் காலையில் சரக்கு இறங்கணும்' என்ற கெடு. இதற்குப் பிறகு இரவு மூன்று மணிக்கு அவர் கண் சொருகினால் கருவி 'பீப்' என்கிறது. எச்சரிக்கை முதலாளிக்குப் போகிறது. குற்றவாளி ஓட்டுநர். கெடு வைத்தவர் படத்திலேயே இல்லை.

இந்த நேரக் கணக்கின் வரலாறு நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1946இல் வந்தது. வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதுவும் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றே தொடங்கியது. கூடவே, தொலைதூர வழித்தடம் என்றால் அனுமதி பெற்று நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அம்பேத்கர் ஆலையிலிருந்து வெளியேற்றிய அதே 54, லாரியில் ஏறிக்கொண்டது.

அந்தச் சட்டம் வேலை நேரத்துக்குக் கொடுத்த விளக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது. வண்டி ஓடும் நேரமும் அதைச் சார்ந்த வேலைகளும் கணக்கில் வரும். முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை நேரம் என்று எழுதினார்கள். ஆலை வாசலில் ஒன்றரை நாள் நிற்கும் ஓட்டுநருக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தால் என்ன பயன்? வண்டியை விட்டு அவர் நகர முடியாது. சரக்குக்குக் காவலும் அவர்தான். ஆனால் கணக்கில் அவர் 'சும்மா' இருந்தார். ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களை அந்தச் சட்டம் நேரடியாகத் தொடவும் இல்லை. நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் பெரும்பகுதி சிறு உரிமையாளர்களுடையவை. இப்போது அந்தச் சட்டமும் 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

வேறு நாடுகளிலும் லாரிக்குள் கருவி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டாக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி கட்டாயம். நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். பதிவு அட்டை ஓட்டுநரின் பெயரில் அவர் கையில் இருக்கும். அதை வைத்து அரசு அதிகாரி நிறுவனத்தையே கேள்வி கேட்கலாம். 45 மணி நேர வார ஓய்வை கேபினுக்குள் கழிக்கக் கூடாது, தங்குமிடச் செலவு முதலாளியுடையது என்றும் 2020இல் விதி செய்தார்கள். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமானது. ஓட்டுநர் படுக்கையில் இருக்கும்போது அதன் சத்தத்தை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த நாடுகள் சொர்க்கம் அல்ல. அங்கேயும் ஓட்டுநர்கள் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கருவி வருவதற்கு முன்பே வேலை நேர வரம்பு இருந்தது. அந்த வரம்பைக் காக்கவே கருவி வந்தது. இங்கே வரம்பு காகிதத்தில் கிடக்கிறது, கருவி மட்டும் கேபினுக்கு வந்துவிட்டது.

என் சித்தப்பா மகன் லாரி ஓட்டுகிறான். தமிழ்நாட்டிலிருந்து குஜராத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் போய் வருகிறவன். ஆராய்ச்சி மாணவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. 'தம்பி, நீ படிச்சவன். நாலு இடத்துல விசாரிச்சு எனக்கு என்னென்ன வாங்கணும்னு சொல்லு' என்று கேட்டான். விசாரித்துச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நம் வீடுகளில் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது உதவும்.

முதலில் வாங்க வேண்டியது சாலையைப் பார்க்கும் கேமரா. முதலாளியின் கேமரா ஏற்கெனவே இருந்தாலும் தனக்கென்று ஒன்று வேண்டும். அதன் மெமரி கார்டு ஓட்டுநரின் பையில் இருக்க வேண்டும். ஒரு விபத்து நடந்தால் பெரிய வண்டியின் ஓட்டுநர்தான் குற்றவாளி என்று கூட்டம் முதலில் தீர்ப்பு எழுதிவிடும், அடியும் விழும். 2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுவதும் வண்டியை நிறுத்தியது இதற்காகத்தான். விபத்து நடந்த இடத்தைவிட்டுத் தப்பினால் பத்து ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை அரசு அப்போது கிடப்பில் போட்டது. பசுவின் பெயரால் கூட்டம் திரண்டால் நிலைமை இன்னும் மோசம். 2015இல் உதம்பூரில் லாரி மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த காஷ்மீர் இளைஞர் தீக்காயத்தால் இறந்தார். கேமரா உயிரைக் காப்பாற்றாது. பொய்யான கதையை உடைக்க ஒரு சாட்சியாவது மிஞ்சும்.

அடுத்தது மின்சாரம். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட்டில் ஓடுகிறது. காருக்கான 12 வோல்ட் சார்ஜரையோ மின்விசிறியையோ மலிவு என்று வாங்கி நேராக மாட்டினால் புகைந்துவிடும். 24 வோல்ட்டைத் தாங்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்க வேண்டும். மூன்றாவது, ஆவணங்கள். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும் என்று 2018இலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. அசலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களிடம் இது ஒரு தடுப்பு. நான்காவது, வழிகாட்டும் வரைபடம். கார் வழியைக் காட்டும் செயலிக்கு லாரியின் உயரமும் எடையும் தெரியாது, தாழ்வான பாலத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தெரியாத ஊரில் சக ஓட்டுநரின் சொல்லையே நம்ப வேண்டும். ஐந்தாவதாக ஒரு சின்ன நோட்டு. எந்த வாசலில் எத்தனை மணிக்கு வந்தேன், எப்போது உள்ளே விட்டார்கள், எப்போது வெளியே வந்தேன் என்று எழுதி, கூடவே போனில் ஒரு படம். ஹால்டிங் காசு கேட்கும்போதும் வழக்கு என்று வந்தாலும் அதுவே ஓட்டுநரின் சொந்த டாக்கோகிராஃப்.

ஸ்டவ்வைப் பற்றி அவன் கேட்கவில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. லாரி ஓரம் உட்கார்ந்து சமைக்கும் வீடியோக்களை லட்சக்கணக்கானவர்கள் ரசிக்கிறார்கள். நானும் பார்ப்பேன். அந்தக் குழம்பில் ருசி இருக்கிறது, சுதந்திரமும் இருக்கிறது. சொந்த ஊர் டீக்கடையில் எந்தத் தெரு என்று தெரிந்து டம்ளரை நீட்டியவர்களைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு, எந்தத் தெரு என்று யாரும் கேட்காத நெடுஞ்சாலை பெரிய விடுதலைதான். ஆனால் பேட்டாவில் மூன்று வேளை கடையில் சாப்பிட முடியாது என்பதும், ஆலை வாசல்களில் ஓட்டுநருக்கென்று கழிப்பறைகூட இருப்பதில்லை என்பதும் அந்த வீடியோக்களில் வருவதில்லை.

அந்த விடுதலையும் முழுமையானதல்ல. முன்கண்ணாடியைப் பாருங்கள். பல வண்டிகளில் முதலாளியின் சாதித் தலைவர் படம், சாதிப் பட்டம், குலதெய்வத்தின் பெயர். வண்டி ஓட்டுகிறவர் எந்தச் சாதியாக இருந்தாலும் அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்தியா முழுவதும் சுமந்துகொண்டு போக வேண்டும். கேபினுக்குள் பொருத்திய கருவிகளிலேயே மிகப் பழையது அந்தச் சாதி ஸ்டிக்கர்தான். அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஓட்டுநருக்கு இல்லை.

'நாங்களும் கடனில்தான் ஓட்டுகிறோம். டீசல் விலை, டோல், டயர், மாதத் தவணை போக என்ன மிஞ்சுகிறது?' என்று சிறு உரிமையாளர்கள் கேட்பார்கள். அந்தக் கணக்கில் உண்மை உண்டு. வாடகையைத் தீர்மானிப்பவர்கள் சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனங்களும் புரோக்கர்களும். ஆனால் மேலே இருந்து வரும் நெருக்கடியைக் கீழே இருப்பவரின் தூக்கத்திலும் டீசலிலும் கழித்துக்கொள்வதற்குப் பெயர் தொழில் அல்ல. மேலே கைகட்டி, கீழே மிதிக்கும் அந்தப் பழக்கத்தை நாம் வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? காத்திருப்புக்குக் காசு கேட்டு ஆலை வாசலில் உரிமையாளர்கள் நிற்கட்டும். ஓட்டுநர்கள் கூடவே நிற்பார்கள்.

ஓட்டுநர் சங்கங்களும் சாதி ஒழிப்பு இயக்கங்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் எளிமையானவை. ஏசிக்கான டீசல் முதலாளியின் கணக்கில் போக வேண்டும். ஓட்டுநரின் மைலேஜில் அதைப் பிடிக்கக் கூடாது. கேபினுக்குள் பதிவாகும் ஒவ்வொரு தகவலின் நகலும் ஓட்டுநருக்குக் கிடைக்க வேண்டும். வண்டி நிற்கும்போது, அவர் தூங்கும்போது, உள்நோக்கிய கேமரா அணைய வேண்டும். சரக்கு ஏற்ற, இறக்கக் காத்திருக்கும் முழு நேரமும் வேலை நேரமாக வேண்டும். தொலைதூர நடைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். மழைக்கோட்டும் சீருடையும் முதலாளி தர விதி செய்யலாம் என்று 1961இலேயே சட்டத்தில் எழுதினார்கள். அதே நியாயத்தில் படுக்கை, மின்விசிறி, குடிநீர், மருந்துப் பெட்டி ஆகியவையும் முதலாளியின் பொறுப்பு. வண்டியில் சாதி அடையாளம் ஒட்டத் தடை வேண்டும்.

அடுத்த முறை 'ஓட்டுநர் பாதுகாப்புக்கான நவீனக் கருவி' என்று யாராவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அதன் விலையையும் மெகாபிக்சலையும் பிறகு பார்ப்போம். இது நின்றுபோனால் யாருக்கு நஷ்டம் என்று முதலில் கேளுங்கள். முதலாளிக்கு நஷ்டம் என்றால், அதற்கு ஓட்டுநரின் பெயரை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.